பணம் போய்விட்டது, ஸ்லாட் மட்டும் கிடைக்கவில்லை என்றால்

வணக்கம் நண்பரே. டிரைவிங் லைசென்ஸ் கட்டணம் வங்கியில் பிடித்தாகிவிட்டது, ஆனால் டெஸ்டுக்கு ஸ்லாட் (தேதி, நேரம்) எடுக்கப் போனால் கட்டவில்லை என்று வருகிறது, எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) முடிய ஒரு மாதம்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பதற்றத்தில் இரண்டாவது முறை பணம் கட்டிவிடாதீர்கள், தயவுசெய்து. லைசென்ஸுக்கான அரசு இணையதளமான சாரதி தளத்தில் கட்டணப் பகுதிக்குள் 'வெரிஃபை பே ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கும். விண்ணப்ப எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேயே சரியாகி ரசீது வந்துவிடும். எல்எல்ஆர் எண்ணைப் போடக்கூடாது, லைசென்ஸுக்கு விண்ணப்பித்தபோது வந்த எண்தான் வேண்டும். பலர் தடுமாறும் இடம் இதுதான்.

அப்புறம், தேதி விஷயம். கடைசி வாரம் வரை தள்ளவே தள்ளாதீர்கள். எல்எல்ஆர் ஆறு மாதம்தான் செல்லும். டெஸ்டில் தேறாவிட்டால் ஏழு நாள் கழித்துத்தான் மறுபடி போக முடியும், மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும். அதனால் கிடைக்கிற முதல் தேதியையே எடுங்கள். எட்டு போடும்போது கால் தரையில் படக்கூடாது, அதை மட்டும் தினமும் சாயங்காலம் ஏதாவது காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டிப் பழகுங்கள். வண்டியின் ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காலாவதி ஆகாமல் இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். ரசீது வராவிட்டால் வங்கிப் பரிவர்த்தனை எண்ணோடு ஆர்டிஓ ஆபீஸில் நேரில் கேளுங்கள்.