முதுகில் போடும் விறைப்பு ஊசி கிருமியை மறைக்குமா?

கேள்வி: எங்கள் இரண்டு மாதப் பிள்ளை மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் வார்டில் இருக்கிறாள். முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். இன்னொரு தடவையும் எடுக்கவேண்டுமாம். முதலில் போடும் விறைப்பு ஊசியில் கிருமி செத்துவிடும், ரிப்போர்ட்டில் ஒன்றும் தெரியாது என்று லயத்தில் சொல்கிறார்கள். அந்த ஊசி இல்லாமல் எடுக்கச் சொல்லலாமா? (வாசகர், ஹட்டன்)

பதில்: வேண்டாம், அப்படிக் கேட்காதீர்கள்.

லயத்தில் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. லிக்னோகெயின் போன்ற விறைப்பு மருந்துகள் ஆய்வுகூடத்தில் சில பக்டீரியாக்களின் வளர்ச்சியைத் தடுப்பது உண்மைதான். ஆனால் பிள்ளைக்கு அது போவது தோலுக்கும் அதற்குச் சற்றுக் கீழேயும் மட்டும். நீர் வருவது அதைவிட ஆழத்திலிருந்து, வேறு ஊசியால். கிருமி வளர்கிறதா என்பதோடு வெள்ளணு எத்தனை, சீனி குறைந்திருக்கிறதா, புரதம் கூடியிருக்கிறதா என்றும் அதில் பார்ப்பார்கள். கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் முன்பே ஏற்றிய அன்டிபயோட்டிக். அதற்காக அந்த மருந்தைத் தாமதிக்கவே கூடாது. பக்டீரியா மூளைக்காய்ச்சலில் ஒவ்வொரு மணித்தியாலமும் பெறுமதியானது.

அமெரிக்காவின் பொஸ்டனில் சிறுவர்களிடம் செய்த ஆய்வொன்று 2007இல் வெளிவந்தது. விறைப்பு மருந்து போடாதபோது நீர் கிடைக்காமல் போவதும் இரத்தம் கலந்து வருவதும் கூடுதலாக இருந்தன. வலியில் பிள்ளை நெளிந்தால் ஊசி விலகும் அல்லவா? இரத்தம் கலந்துவிட்டால் வெள்ளணுக் கணக்கு குழம்பிவிடும், திரும்பவும் குத்தவேண்டி வரலாம். கைக்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்ற பேச்சை நம்பாதீர்கள். அவளுக்கு நன்றாகவே வலிக்கும்.

கால் வழங்காமல் போய்விடுமோ என்ற பயமும் பலருக்கு உண்டு. ஊசி போவது இடுப்பின் கீழ்ப்பகுதியில். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடும்.

இந்த முறை எத்தனை மணிக்கு எடுப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். விறைப்பு கிரீம் பூசலாமா என்றும் டொக்டரிடம் கேட்கலாம். அது வேலை செய்ய ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் வேண்டும், அவசரத்தில் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள்.

அப்புறம் ஒன்று: இரண்டாம் மாதத்தில் போடும் பென்டாவேலன்ட் தடுப்பூசி இந்த அல்லலில் தவறியிருக்கலாம். இவ்வகைக் காய்ச்சலை உண்டாக்கும் ஹிப் கிருமிக்கான தடுப்பும் அதில் இருக்கிறது. இலங்கையில் 2008 முதல் கொடுக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அதை எப்போது போடலாம் என்று டொக்டரிடம் கேட்டு, உங்கள் தோட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லிவிடுங்கள்.