முட்டையிட்டாலும் பாலூட்டிதான்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

குட்டி போடுபவை பாலூட்டிகள், முட்டையிடுபவை பறவைகளும் ஊர்வனவும் என்றுதான் படித்தோம். ஆனால் வாத்துபோல அலகுள்ள ஆஸ்திரேலியப் பிராணியான பிளாட்டிபஸ் முட்டையிடுகிறதே, அது எப்படிப் பாலூட்டி ஆகும்? பறவைக்கும் பாலூட்டிக்கும் நடுவில் நின்றுபோன பிராணி என்று எடுத்துக்கொள்ளலாமா?

ம.

அன்புள்ள ம.,

வேண்டாம். குட்டி போடுவதை அடையாளமாக வைத்தால் கண்ணாடி விரியன் பாம்பும் பல சுறாக்களும் உள்ளே வந்துவிடும். பால்தான் கணக்கு, அப்புறம் உடல்மயிர்.

இந்தக் குழப்பம் பழையது. 1799இல் பிளாட்டிபஸை விவரித்த ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷாவுக்கே, யாரோ வாத்தின் அலகை ஒட்டித் தைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம். பிற்பாடு ஜெர்மனியின் உடற்கூறியல் அறிஞர் மெக்கெல் அதன் பால்சுரப்பியைக் கண்டு சொன்னார். பால் இருந்தால் முட்டை இருக்காது என்றது ஒரு கட்சி, முட்டையிடும் என்றால் அது பாலாக இருக்க முடியாது என்றது இன்னொன்று. இரண்டும் பாதி சரி! ஆஸ்திரேலியப் பழங்குடிகள் அது முட்டையிடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், யார் கேட்டார்கள்? 1884இல் விலங்கியலாளர் வில்லியம் கால்டுவெல் (தமிழ் ஆய்ந்த பாதிரியார் வேறு) அது முட்டையிடுவதை உறுதிசெய்து அங்கிருந்து தந்தி அடித்தபிறகே வழக்கு முடிந்தது.

பெண் பிளாட்டிபஸ் வளைக்குள் பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஓடு தோல்போல நெகிழ்வானது. சுமார் பத்து நாள் அடைகாத்தால் கண் திறக்காத குஞ்சு வரும். தாய்க்கு முலைக்காம்பு கிடையாது. தோலில் கசிந்து மயிரில் ஊறும் பாலைக் குஞ்சு உறிஞ்சிக் குடிக்கும். முட்டையிடும் இன்னொரு பாலூட்டியான, உடலில் முள் கொண்ட எக்கிட்னா தன் ஒற்றை முட்டையை வயிற்றுப் பையிலேயே வைத்துக்கொள்ளும். இன்று முட்டையிடும் பாலூட்டிகள் ஐந்தே இனங்கள், ஆஸ்திரேலியாவிலும் நியூகினியிலும் மட்டும்.

எனக்குப் பிடித்த சான்று மரபணுக்களில் இருக்கிறது. கோழிக்கு மஞ்சள்கருப் புரதம் செய்யும் மரபணுக்கள் மூன்று. பிளாட்டிபஸுக்கு வேலை செய்வது ஒன்றே. நமக்கு மூன்றும் பழுதாகி, உடைந்த மிச்சங்களாகக் கிடக்கின்றன. அதாவது முதலில் பால் வந்தது. குஞ்சுக்குப் பால் கிடைத்ததால் மஞ்சள்கருவின் தேவை குறைந்தது. குட்டி போடுவதெல்லாம் பிறகுதான். மனிதக் கருவிலும் ஒரு மஞ்சள்கருப் பை உருவாகிறது, உள்ளே மஞ்சள்கருதான் இல்லை.

‘நடுவில்’ என்பதும் பொருந்தாது. பறவைகளின் மூதாதையர் நம் கிளையிலிருந்து பிரிந்து 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. பிளாட்டிபஸ் கிளை பிரிந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. அந்த அலகும் பறவை அலகல்ல. மெத்தென்ற தோல் போர்த்தியது. நீருக்கடியில் இரையின் தசை அசையும்போது எழும் மின்சாரத்தை உணர்ந்து இரை தேடும் உறுப்பு.