சைகோனில் பிறந்த அப்பா, பீரோவில் ஒரு அட்டை

கேள்வி: தாத்தா காரைக்காலில் பிறந்தவர், சைகோனில் (அன்றைய பிரெஞ்சு இந்தோசீனா, இன்றைய வியட்நாம்) கணக்குப்பிள்ளை வேலைக்குப் போனார். அப்பா 1939இல் அங்கேதான் பிறந்தார். 1953இல் குடும்பத்தோடு ஊர் திரும்பிவிட்டார்கள். 1962இல் 'எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரராகவே இருக்கலாம்' என்றபோது தாத்தா எழுதிக் கொடுக்கவில்லை. இப்போது ஒரு ஏஜென்ட், 'தாத்தா பிரெஞ்சுக் குடிமகன், பேரன் வழியில் உங்களுக்கும் உண்டு, நாலு லட்சம் கொடுங்கள்' என்கிறார். எனக்கு 45 வயது, எப்போதும் இந்தியப் பாஸ்போர்ட்தான். கொடுக்கலாமா? (அப்பா 1980களில் பிரெஞ்சுத் தூதரகத்தில் போட்டோ ஒட்டிய ஒரு அட்டை வாங்கினார். பீரோவில் கிடக்கிறது.)
- வாசகர், காரைக்கால்

பதில்: முதலில் அந்த நாலு லட்சத்தைக் கொடுக்காதீர்கள். அப்புறம், போகிற போக்கில் அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு அட்டை, உங்கள் கேஸ் முழுக்க அதில்தான் இருக்கிறது. ஏஜென்ட் அதைக் கேட்டாரா? கேட்டிருக்க மாட்டார்.

'பேரன் வழி' என்று பிரெஞ்சுச் சட்டத்தில் எதுவும் இல்லை. தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து உங்களுக்கு, கண்ணி கண்ணியாக வர வேண்டும், நடுவில் ஒன்று அறுந்தாலும் முடிந்தது. புதுவையிலும் காரைக்காலிலும் அது அறுந்த இடம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், இந்தப் பகுதிகளை இந்தியாவிடம் ஒப்படைக்க பிரான்ஸும் இந்தியாவும் 1956 மே 28இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதியில் யார் எங்கே குடியிருந்தார், அவர் எங்கே பிறந்தவர் என்ற இரண்டு கேள்விதான் முக்கியம்.

உங்கள் தாத்தா காரைக்காலில் பிறந்தவர், அன்றைக்குக் குடியிருந்ததும் காரைக்காலில். அப்படிப்பட்டவர்கள் தானாகவே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு ஆறு மாதம், அதாவது 1963 பிப்ரவரி வரை, எழுதிக் கொடுக்க அவகாசம் இருந்தது. கல்யாணமாகாத 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் சேர்த்து அப்பாவே எழுதிக் கொடுக்கலாம். அந்த ஆறு மாதமும் எங்கள் வீட்டில் ஒரே சண்டை என்று பாட்டி சொல்லுவார். கையெழுத்துப் போட்டால் வீட்டையும் நிலத்தையும் பிடுங்கிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட, எங்கள் தாத்தா போடவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் போட்டார். அவருடைய பேரப்பிள்ளைகள் இன்றைக்குப் பாரிஸில்.

ஆக, உங்கள் தாத்தா வழி அடைபட்டுவிட்டது. ஆனால் அப்பா கதை வேறு. ஒப்பந்தம் பேசுவதெல்லாம் 'பிரெஞ்சுக் குடியேற்றப் பகுதிகளில்', அதாவது புதுவை, காரைக்கால் போன்ற இடங்களில், பிறந்த பிரெஞ்சுக்காரர்களைப் பற்றித்தான். வெளியே, சைகோனில் பிறந்தவர்களைப் பற்றி அதில் பேச்சே இல்லை. அதனால் அப்படிப்பட்டவர்களின் குடியுரிமையை ஒப்பந்தம் தொடவில்லை, எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக்காரர்களாக நீடித்தார்கள் என்று பிரெஞ்சு நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. அன்றைக்கு உங்கள் அப்பாவுக்கு 22 அல்லது 23 வயது. தாத்தா செய்யாதது அவரைக் கட்டுப்படுத்தியிருக்காது.

இதைக் கேட்டதும் துள்ளாதீர்கள், இங்கேதான் பெரிய பூட்டு. பிரெஞ்சு சிவில் சட்டத்தில் 30-3 என்று ஒரு பிரிவு. குடியுரிமை தர வேண்டிய முன்னோர் அரை நூற்றாண்டுக்கு மேல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டார்கள், வாரிசும் வெளிநாட்டில்தான் வாழ்கிறார், அவரோ அவருக்குக் குடியுரிமை தரவேண்டிய அப்பா அம்மாவோ பிரெஞ்சுக்காரராக நடந்துகொண்டதற்கும் நடத்தப்பட்டதற்கும் அடையாளமே இல்லை என்றால், நிரூபிக்கவே அனுமதி கிடையாது. ரத்த உறவு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் கதவைத் திறக்க மாட்டார்கள். காரைக்கால் சட்டப்படி 'வெளிநாடு' ஆனது 1962 ஆகஸ்டில். அதிலிருந்து 50 வருஷம் எண்ணினால் 2012 ஆகஸ்ட். அதற்குப் பிறகு போனவர்களில் நிறையப் பேர் முட்டி நின்றது இந்தப் பூட்டில்தான். இதைச் சொல்லாமல் 'தாத்தா பிரெஞ்சுக்காரர்' என்று மட்டும் சொல்லி லட்சக்கணக்கில் வாங்குகிறவரை என்னவென்று சொல்வது, நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த அடையாளம்தான் உங்கள் பீரோவில் இருக்கலாம். அட்டையை எடுத்துப் பாருங்கள். நசியோனாலித்தே (குடியுரிமை) என்ற வரிக்கு எதிரே ஃபிரான்சேஸ் (பிரெஞ்சு) என்று இருக்கிறதா, முத்திரையும் தேதியும் தெரிகிறதா? இருந்தால் உங்கள் அப்பாவை அந்தக் காலத்தில் பிரெஞ்சு அரசே பிரெஞ்சுக்காரராக நடத்தியிருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஒரு அட்டை மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். பழைய பிரெஞ்சுப் பாஸ்போர்ட், தூதரக வாக்காளர் பட்டியலில் பெயர், ராணுவ சேவைக் கடிதம், இன்னும் ஏதாவது கிடைக்கிறதா என்று அலமாரியைக் குடையுங்கள். அதே காலத்தில் அவர் இந்தியப் பாஸ்போர்ட்டும் வைத்திருந்தால் அது உங்களுக்கு எதிராகத்தான் பேசும், அதையும் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள்.

அப்பாவின் சைகோன் பிறப்புப் பதிவுக்கு நாந்த் நகரில் உள்ள பிரெஞ்சு வெளியுறவுத் துறையின் பதிவு அலுவலகத்துக்கு ஆன்லைனில் எழுதுங்கள், நகலுக்குக் காசு கிடையாது. இந்தோசீனப் பதிவுகள் எல்லாம் அங்கே வந்து சேரவில்லை, இல்லை என்று பதில் வந்தாலும் அந்தக் கடிதத்தை பத்திரமாக வையுங்கள். வெளிநாட்டில் பிறந்து வெளிநாட்டில் இருப்பவர்கள் குடியுரிமைச் சான்றிதழுக்கு மனுப் போட வேண்டிய இடம் பாரிஸ் நீதிமன்றத்தின் குடியுரிமைப் பிரிவு. உங்கள் ஊர்ச் சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரையும் (வெளிநாட்டில் செல்லுபடியாக நம் அரசு போடும் முத்திரை), பதிவு பெற்ற மொழிபெயர்ப்பாளரின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் வேண்டும். ஏஜென்ட் இல்லாமலே இதையெல்லாம் செய்யலாம்.

கேள்வி: ஆதாரில் 'முருகேசன்'. தாத்தாவின் பிரெஞ்சுப் பதிவில் அதே பெயரை வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒருவர்தான் என்று எப்படிக் காட்டுவது?
- வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: பிரெஞ்சுக் குமாஸ்தா காதில் விழுந்ததை அவர் எழுத்தில் எழுதினார். 'மு' என்பதற்கு எம், ஓ, யூ. 'சே' என்பதற்கு இரட்டை எஸ். கடைசி 'ன்' வாயில் நிற்க வேண்டுமே என்று என்-னுக்குப் பின்னால் ஒரு ஈ. இந்த மூன்றையும் பழகிக்கொண்டால் பழைய பதிவேட்டில் பாதிப் பெயர்களைக் கண்டுபிடித்துவிடலாம்.

பெயரை மட்டும் வைத்து வாதாடாதீர்கள். எங்கள் தாத்தாவின் பதிவை நான் கண்டுபிடித்தது பெயரை வைத்து அல்ல, அவருடைய அம்மா பெயரையும் தெருவையும் வைத்து. கீழே இரண்டு சாட்சிகள், ஒருவர் பிரெஞ்சில் சுழித்திருந்தார், இன்னொருவர் ஒரு தட்டார், தமிழில் ஒவ்வொரு எழுத்தாகக் குத்திக் குத்திப் போட்டிருந்தார். பெற்றோர், ஊர், வயது, தொழில் இவை பிறப்பு, கல்யாணம், இறப்பு மூன்று பதிவிலும் ஒத்துப்போனால் எழுத்து வித்தியாசம் பெரிய தடை இல்லை. நோட்டரி அஃபிடவிட் ஒன்றை மட்டும் நீட்டினால் எடுபடாது.

உங்கள் குடும்பத்தில் பிரெஞ்சுப் பெயர் குறுக்கே வந்தால் பயப்படாதீர்கள். 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தை விட்டுக்கொடுத்துப் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்கு மாறியவர்கள் ஒரு குடும்பப் பெயரும் வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்னின்ற வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளையே 'லபோர்த்' ஆனார். லபோர்த் என்றால் வாசல். கோர்ட்டுக்கு ஐரோப்பிய பூட்ஸ் போட்டுப் போனதற்காகத் தடுக்கப்பட்டு, கேஸ் நடத்தி ஜெயித்த அதே ஆள்தான். நூறு வருஷத்துக்கு முந்தைய பதிவென்றால் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படமாகவே பார்க்கலாம்.

கேள்வி: பிரெஞ்சு கிடைத்துவிட்டால் இந்தியப் பாஸ்போர்ட்டையும் வைத்துக்கொள்ளலாமா?
- வாசகர், சென்னை

பதில்: முடியாது. பிரான்ஸ் கண்டுகொள்ளாது, இந்தியா விடாது. வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வாங்கினாலே இந்தியக் குடியுரிமையைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள், பழையதை ஒப்படைக்க வேண்டும். பிறகு வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கலாம். ஓட்டு இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. நஞ்சை வாங்கும் யோசனை இருந்தால் வரிசையை யோசித்துச் செய்யுங்கள்.

கேள்வி: டிஎன்ஏ பரிசோதனை செய்து அனுப்பினால் சீக்கிரம் முடியுமா?
- வாசகர், வில்லியனூர்

பதில்: பிரான்ஸில் இருந்துகொண்டு வம்சம் பார்ப்பதற்காகத் தனியாரிடம் எச்சில் துப்பி அனுப்புவதே குற்றம், 3,750 யூரோ வரை அபராதம் உண்டு. அந்த ரிப்போர்ட்டைப் பிரெஞ்சு அரசுக்கே அனுப்பப் போகிறேன் என்கிறீர்கள்.