காலையில் டீ பிஸ்கட், மாலையில் பைசெப்ஸ்: பதினாறு வயதில் உடம்பு ஏற என்ன வழி?

கேள்வி: எனக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறேன். உயரம் 171 செ.மீ., எடை 51 கிலோ. நான்கு மாதமாக வாரம் ஆறு நாள் ஜிம்முக்குப் போகிறேன். பெரும்பாலும் செஸ்ட்டும் பைசெப்ஸும்தான். கை கொஞ்சம் இறுகியிருக்கிறது, எடை ஏறவே இல்லை. காலையில் டியூஷன் இருப்பதால் டீயும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் எலுமிச்சை சாதமோ தயிர் சாதமோ, கூட உருளைக்கிழங்கு வறுவல். மாலையில் ஒரு பப்ஸ், ஜிம் முடிந்ததும் வாழைப்பழமும் மூன்று முட்டையின் வெள்ளைக்கருவும். இரவில் மூன்று தோசை. எடை ஏற்றும் மாஸ் கெய்னர் பவுடர் வாங்கச் சொல்கிறார் ட்ரெய்னர். இந்த வயதில் வெயிட் தூக்கினால் உயரம் நின்றுவிடும் என்கிறார் அம்மா. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தம்பி, அம்மா பயப்பட வேண்டியதில்லை. ட்ரெய்னர் சொல்லும் டப்பாவும் வேண்டியதில்லை. நீங்கள் எழுதியதில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது உங்கள் காலைச் சாப்பாடுதான், அதாவது அது இல்லாதது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நீங்கள் குறிப்பிட்டதை எல்லாம் கூட்டினால் தோராயமாக 1,600 கலோரி வருகிறது. எழுத மறந்த முறுக்கு, மிக்சர் இன்னும் கொஞ்சம் இருக்கும், சரி. ஆனால் 16 முதல் 18 வயதுப் பையன்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 3,320 கலோரி. அது சுமார் 64 கிலோ எடையுள்ள பையனுக்கு. உங்கள் எடைக்குக் குறைத்தாலும் 2,600 வரும். எடை கூட வேண்டுமென்றால் அதற்கு மேல் 300, 400 சேர்க்க வேண்டும். இந்த வயதில் உடம்பு உயரத்துக்கும் எலும்புக்கும் போக மிச்சம் இருப்பதைத்தான் தசைக்குக் கொடுக்கும். மிச்சமே இல்லாதபோது தசை எங்கிருந்து வரும்?

புரதமும் அப்படித்தான். உங்கள் பட்டியலில் அது 40 கிராமைத் தொடவில்லை. பயிற்சி செய்யும் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு 1.4 முதல் 1.6 கிராம் போதும். அதாவது 70, 80 கிராம். அதற்கு மேல் ஏற்றினால் தசை கூடுதலாக வளரப்போவதில்லை.

இதைச் சமையலறையிலேயே எடுத்துவிடலாம். முதலில், மஞ்சள் கருவைத் தூக்கிப் போடுவதை நிறுத்துங்கள். மூன்று வெள்ளைக்கருவில் 11 கிராம் புரதம். அதே மூன்றையும் முழுதாகச் சாப்பிட்டால் 18 கிராம், கூடவே வைட்டமின்களும் உங்களுக்குத் தேவையான கொழுப்பும். காசு கொடுத்து வாங்கி நல்ல பாதியைக் குப்பையில் போடுவது ஜிம்களில் எப்படியோ பரவிவிட்ட பழக்கம். 51 கிலோ பையனுக்கு அதில் எந்த அர்த்தமும் இல்லை.

டியூஷனுக்குக் கிளம்பும்போது இட்லி இறங்கவில்லை என்றால் விடுங்கள். ஒரு டம்ளர் பால், இரவே ஊறவைத்த ஒரு கைப்பிடி நிலக்கடலை, ஒரு வாழைப்பழம்: ஐந்து நிமிட வேலை, 13 கிராம் புரதம். டியூஷன் முடிந்து பள்ளிக்குள் நுழையும் முன் நான்கு இட்லியும் இரண்டு அவித்த முட்டையும் உள்ளே போக வேண்டும். பாக்ஸில் கட்டிக்கொடுக்கச் சொல்லுங்கள். மதியம் எலுமிச்சை சாதம் இருக்கட்டும். உருளை வறுவலுக்குப் பதிலாக வாரத்தில் மூன்று நாளாவது கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ சுண்டலாக வரட்டும். மற்ற நாளில் பருப்புச் சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய்யோ நல்லெண்ணெயோ ஊற்றிக்கொள்ளுங்கள். எடை ஏறாதவர்களுக்கு எண்ணெய் எதிரி இல்லை. பப்ஸ் காசில் நிலக்கடலை மிட்டாய் வாங்கலாம். இரவு தோசையோடு முட்டையோ மீனோ கோழியோ. அசைவம் இல்லாத நாளில் மீல் மேக்கர் குருமா செய்யலாம். ஊறவைக்காத 30 கிராம் மீல் மேக்கரில் 15 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் குறைவு. படுக்கும் முன் இன்னொரு டம்ளர் பால்.

மாஸ் கெய்னர் டப்பாவைத் திருப்பி, சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது விதி. பெரும்பாலான டப்பாக்களில் முதல் பெயர் மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது மாவுச்சத்து. அதைத்தான் சோறாகத் தினமும் சாப்பிடுகிறோமே! வே புரோட்டீன் பவுடர் விஷம் இல்லை, பாலிலிருந்து எடுப்பதுதான். ஆனால் சாப்பாடு சரியாகும் முன் அது வீண் செலவு. பயிற்சியில் பலம் கூட்ட ஜிம்களில் சாப்பிடும் கிரியேட்டின் பவுடர் 18 வயது வரை வேண்டாம். ஜிம்மில் யாராவது ஊசி, மாத்திரை என்று பேச்செடுத்தால் அந்த ஜிம்மையே விட்டுவிடுங்கள். அம்மா பயப்படும் விஷயம் உண்மையாக நடப்பது அங்கேதான்: தசையை வேகமாகப் பெருக்க அப்படித் தரும் ஸ்டீராய்டு, எலும்பின் நுனியில் இருக்கும் வளர்ச்சித் தட்டைச் சீக்கிரமே மூடிவிடும். உயரம் அதோடு நின்றுபோகும்.

வெயிட் தூக்குவதால் அப்படி ஆவதில்லை. சரியான முறையில், பார்த்துச் சொல்ல ஆள் வைத்துச் செய்தால் பதின்ம வயதினருக்கு இது பாதுகாப்பானது என்பதே குழந்தை மருத்துவர்களின் நிலைப்பாடு. அடிபடுவது, நண்பனோடு பந்தயம் கட்டி ஒரே தடவையில் எவ்வளவு தூக்க முடியும் என்று பார்க்கும்போது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

ஆறு நாளை மூன்றாகக் குறையுங்கள். ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும் பயிற்சி: ஸ்குவாட், தண்டால் அல்லது பெஞ்ச் பிரஸ், புல்-அப் அல்லது ரோயிங் (எடையை உடம்பை நோக்கி இழுப்பது), தோளுக்கு மேலே தூக்கும் பிரஸ். பைசெப்ஸ் கடைசியில் இரண்டு செட் (இடைவிடாமல் தொடர்ந்து செய்யும் ஒரு சுற்று) போதும். உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் முதுகிலும் இருக்கின்றன. நீங்கள் அவற்றைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றிலும் மூன்று செட், 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு முறை தூக்க முடியும் என்கிற இடத்திலேயே நிறுத்துங்கள். மூன்று செட்டிலும் 12 சுலபமாக வந்தால் அடுத்த தடவை 2.5 கிலோ கூட்டுங்கள். நோட்டில் எழுதி வையுங்கள், ஞாபகத்தை நம்ப வேண்டாம். முதல் இரண்டு மாதம் பலம் ஏறும், கண்ணாடியில் பெரிதாகத் தெரியாது. நரம்புகள் முதலில் பழகுகின்றன, தசையின் பருமன் பிறகுதான் வரும்.

தூக்கம் எட்டு மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. டியூஷனுக்கு ஐந்து மணிக்கு எழ வேண்டுமென்றால் ஒன்பதுக்குப் படுங்கள், போனை வெளியே வைத்துவிட்டு.

வாரம் ஒருமுறை காலையில், வெறும் வயிற்றில் எடை பாருங்கள். மாதம் ஒன்று, ஒன்றரை கிலோ ஏறினால் நல்ல வேகம். ஆறு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் அசையவில்லை என்றால் சாப்பாட்டில் இன்னும் 200 கலோரி சேர்த்துப் பாருங்கள். எடை இறங்கினாலோ, அடிக்கடி தாகமும் சிறுநீரும் என்றிருந்தாலோ, எப்போதும் சோர்வாக இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். தாகமும் எடைக் குறைவும் சேர்ந்து வந்தால் தாமதிக்காமல் சர்க்கரை சோதனை செய்துவிட வேண்டும். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையையும் ஒளித்து வைக்காமல் மென்று விழுங்குங்கள்.

அப்புறம், தேர்வு நேரத்தில் ஜிம்முக்குப் போக முடியாதே என்று கவலைப்படாதீர்கள். வளர்த்த தசையைத் தக்கவைக்க வாரம் ஒரு நாள் போதும். ஆனால் அந்த மாதத்தில் காலை இட்லியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.