நற்கிரியையால மோட்சம் கிடைக்காதுன்னு சொல்ற லூத்தரன் சபை, தெருவுல படுக்கிறவங்களுக்கு ஏன் சாப்பாடு குடுக்குது?

இதே கேள்விய போன வருஷம் ஒருத்தர் என்கிட்ட நேராவே கேட்டாரு. பஸ் ஸ்டாண்ட்ல ரொட்டி வாளிய தூக்கிட்டு நிக்கிறேன், பக்கத்து கடை முதலாளி, நல்ல மனுஷன், சைவ சமயத்தவரு, "தம்பி ஒங்க சபையில விசுவாசம் மட்டும் போதும், புண்ணியம் சேத்து ஒண்ணும் ஆகாதுன்னுதானே சொல்றீங்க, அப்புறம் எதுக்கு இந்தக் குளிருல இதெல்லாம்"னு கேட்டுட்டாரு. அன்னைக்கு சிரிச்சு சமாளிச்சுட்டு வந்துட்டேன். இங்கயும் அதே கேள்விய பாத்ததும் சரி எழுதிடுவோம்னு உக்காந்தேன்.

நான் இலங்கை மலையகத்துல ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன். தாத்தாவோட அப்பா ஆம்பூர் பக்கத்துல இருந்து வந்தவரு, வரும்போதே லூத்தரன், கொண்டாந்தது ஒரு ட்ரங்குப் பெட்டியும் ஒரு ஞானோபதேசப் புத்தகமும் (கேள்வி பதிலா சபைப் போதனை சொல்றது)னு வீட்டுல சொல்வாங்க. இலங்கையில கிறிஸ்தவங்கன்னா பாதிக்கு மேல கத்தோலிக்கம், அப்புறம் அங்கிலிக்கன், மெதடிஸ்ட், நாங்க கைப்பிடி அளவுதான். "லூத்தரனா, அது என்ன புதுசா"ன்னு கேக்கிறவங்க இன்னைக்கும் உண்டு. புதுசெல்லாம் இல்லங்க, லூத்தரன் மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில வந்து இறங்கினது 1706ல.

இப்ப கேள்விக்கு வர்றேன். எனக்கு இது புரிஞ்சது பிரசங்கத்துல இல்ல, தோட்டத்துல வேலைக்கு ஆள் கூட்டுற பிரட்டுக்களத்துல. தோட்டத்துல ஒரு நாள் வேலைக்கு 'ஒரு பேர்'னு சொல்வோம். பறிச்ச தேயிலைக் கொழுந்த நிறுக்கும்போது கிலோ குறைஞ்சா அரைப் பேர்தான் போடுவாங்க, அன்னைக்கு முழுசும் மழையில நின்னிருந்தாலும் அரைப் பேர். எங்கம்மா சாயங்காலம் வந்து மொதல்ல சொல்றது சாப்பாடு பத்தி இருக்காது, "இன்னைக்கு பேர் விழுந்துருச்சு", இல்லன்னா "அரைப் பேர்தான் போட்டான்". அப்படி ஒரு வீட்டுல வளந்தவனுக்கு கடவுளும் ஒரு பெரிய கணக்கப்பிள்ளையாத்தான் தெரிவாரு, கிலோ பாத்து பேர் போடுறவரு. லூத்தரன் போதனை சொல்றது என்னன்னா ஒன் பேர முழுசா போட்டாச்சு, நீ கூடைய நிறுக்க கொண்டு வர்றதுக்கு முன்னாடியே போட்டாச்சு, போட்டது கிறிஸ்து. எபேசியர் 2ல 8, 9 வசனம், கிருபையினாலே, கிரியைகளினால் அல்ல. ஆனா நிறைய பேர் அதோட நிறுத்திடுறாங்க, அடுத்த வசனத்துலயே நற்கிரியை செய்யத்தான் நம்மள படைச்சிருக்குன்னு வருது, அத வாசிக்கிறதில்ல.

அப்ப பேர் விழுந்தவன் ஏன் வேலை செய்யணும்? இதுக்கு என் பதில், பேர் விழுந்துருச்சுன்னு தெரிஞ்சவனாலதான் பக்கத்து நிரையில திணர்றவளோட கூடையில ரெண்டு கை கொழுந்து போட முடியும். பேர் விழுமான்னு பயந்துட்டு இருக்கிறவன் தன் கூடையத்தான் பாப்பான். ரொட்டி வாங்குற மனுஷனும் என் மோட்சத்துக்கு ஏணி இல்ல, அவருக்கு பசிக்குது, அவ்வளவுதான்.

இன்னொன்னு இருக்கு. எங்க சபைப் பேருக்கே காரணமான மார்ட்டின் லூத்தர் 1529ல எழுதின சின்ன ஞானோபதேசத்த சின்ன வயசுல மனப்பாடம் பண்ண வச்சாங்க. (சைடுல ஒண்ணு சொல்லிக்கிறேன், எங்க கணக்குல பத்துக் கட்டளையில 'கொலை செய்யாதிருப்பாயாக' அஞ்சாவது, மெதடிஸ்ட் ஞாயிறு பள்ளியில இருந்து வந்த என் மச்சான் அது ஆறாவதுன்னு சண்டை போட்டு வாத்தியார்கிட்ட அடி வாங்கினான், பாவம் ரெண்டு பேர் சொன்னதும் சரிதான்.) அந்த அஞ்சாவதுக்கு லூத்தர் சொல்ற அர்த்தம் கத்தி எடுக்காத அப்படிங்கிறதோட நிக்காது, பிறனோட சரீரத்துக்கு என்னென்ன தேவையோ அதுல எல்லாம் ஒதவி பண்ணனும்னு போகும். அப்புறம் பரமண்டல ஜெபத்துல "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்"னு வருதில்ல, அதுக்கு அவரு போட்ட பட்டியல் இருக்கே, சாப்பாடு, தண்ணி, துணி, செருப்பு, வீடு, நிலம், ஆடு மாடு, காசு, நல்ல அரசாங்கம், நல்ல மழை வெயிலு, நல்ல அயல்வீட்டுக்காரன் வரைக்கும் போகும். வீடு, நிலம்! லயத்துல, அதாவது தோட்டத்து வரிசை வீட்டுல, ஒக்காந்து இத ஒப்பிச்சோம் நாங்க. பத்துக்கு பன்னெண்டு அடி காம்பரா, செவுரு கம்பெனியோடது, கூரைத் தகரம் கம்பெனியோடது, காலடி மண்ணும் கம்பெனியோடது. எங்க சபையில அன்னைக்கு சொந்த வீடுன்னு யாருக்குமே கெடையாது, போதகர் ஐயாவுக்கும் சேத்துதான்.

அதனால எங்க ஊர்ல வீடில்லாதவங்கன்னா யாரோ எவரோ இல்ல. ஒரு தாத்தா இருந்தாரு, முப்பது வருஷத்துக்கு மேல மலையில தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டினவரு, கையப் பாத்தாலே தெரியும், வலது கை வெரல் மூணு மடங்கினபடியே நிக்கும், கவ்வாத்துக் கத்திப் பிடி அப்படி. பொண்டாட்டி செத்ததும் கொழும்புல ஒரு கடைக்கு வாச்சர் வேலைக்குப் போயிட்டாரு, பத்து வருஷம் கழிச்சு வேணாம்னு அனுப்பிட்டாங்க, திரும்பி வந்தா காம்பராவுல வேற குடும்பம். ஈபிஎஃப் (சேமலாப நிதி) காசு எப்பவோ கரைஞ்சுபோச்சு. அடையாள அட்டை தொலைஞ்சிருச்சு, பொறப்புச் சான்று இல்ல, அது இல்லாம முதியோர் கொடுப்பனவு எடுக்க முடியாது. பஸ் ஸ்டாண்ட் பின்னாடி பூட்டின கடை வாசல்ல பழைய படங்க விரிச்சுப் படுப்பாரு. படங்குன்னா கொழுந்து எடுக்கிறவங்க இடுப்புல சுத்துற தடிச்ச ரெட்டு, ஈரம் ஏறாது. வேற யாரும் அத படங்குன்னு கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க, நானும் தோட்டத்து ஆள், அதான் தெரிஞ்சுது.

எங்க வேலை பெருசா ஒண்ணும் இல்ல. சனிக்கிழமை மத்தியானம் எங்க சபைக் கோயில் பின்பக்கம் அக்காமார் கோதுமை மா பிசைவாங்க, தேங்காய் திருவிப் போட்டு கல்லு மாதிரி ரொட்டி, கட்ட சம்பல், முடிஞ்ச வாரம் பருப்பு, இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீ ரெண்டு பெரிய பிளாஸ்க். 2022ல மா விலையும் கேஸ் விலையும் ஏறினப்போ ரொட்டி உள்ளங்கை அளவுக்கு வந்துருச்சு, ஆனா ஒரு சனிக்கிழமையும் விடல. சனவரி மாசம் பூப்பனி பெய்யிற வாரங்கள்ல கம்பளி சேத்து குடுப்போம்.

தப்பு நிறைய பண்ணோம். மொத மாசம் போட்டோ எடுத்து பேஸ்புக்குல போட்டோம், பிளாஸ்க் தெரியணும்னு நான்தான் கோணம் பாத்து எடுத்தேன், அடுத்த வாரம் போனை தூக்கினதும் அந்தத் தாத்தா செவுத்தப் பக்கம் திரும்பிட்டாரு. அப்புறம் ரொட்டிக்கு முன்னாடி சின்னதா ஒரு ஜெபமும் வசனமும்னு ஆரம்பிச்சோம், கையில ஆவி பறக்கிற டீய வச்சுக்கிட்டு ஆறு பேரு ஆமென்னுக்கு காத்துட்டு நின்னாங்க, அதுல ரெண்டு பேர் சிங்கள ஆளுங்க, ஒரு வார்த்தை புரிஞ்சிருக்காது. போதகர் ஐயா அன்னைக்கு ராத்திரியே "சாப்பாட்டுக்கு வாசல்படி வைக்காதீங்க"ன்னுட்டாரு. மதம் மாத்துறோம்னு பேசறவங்களும் இருக்காங்க, 2004ல மதமாற்றத் தடை மசோதாவே பாராளுமன்றத்துக்கு வந்த நாடு இது, சந்தேகப்படறதுல நியாயமும் இருக்கு, சோத்தக் காட்டி ஆள் சேத்த கூட்டங்களும் இல்லாம இல்ல. எங்ககிட்ட சாப்பிட்டவங்கள்ல ஒருத்தர்கூட சபையில சேரல. அதப்பத்தி சபைக் கூட்டத்துல ஒரு அண்ணன் கொறையா சொன்னாரு, அப்புறம் கசிப்பு குடிக்கிறவனுக்கும் ஏன் ரொட்டின்னு கேட்டாரு, அதுக்கு அக்கா ஒருத்தி மாவு பிசைஞ்ச கையோட எழும்பி "அண்ணே, ஒங்க கல்யாணத்துக்கு முந்தி நீங்க குடிக்கலயா, அப்ப ஒங்கம்மா சோறு போடலயா"ன்னதும் கூட்டம் முடிஞ்சுருச்சு.

காசு விஷயத்துக்கு ஒரு பழைய யோசனைய எடுத்துக்கிட்டோம். 1523ல ஜெர்மனியில லைஸ்னிக்னு ஒரு ஊர் சபை ஏழைங்களுக்காக பொதுப்பெட்டி வச்சாங்க, அந்த ஒழுங்குக்கு லூத்தரே முன்னுரை எழுதினாரு. பெட்டிக்கு நாலு பூட்டு, பிரபுக்கள்கிட்ட ஒரு சாவி, நகரசபைகிட்ட ஒண்ணு, நகரத்தார்கிட்ட ஒண்ணு, கிராமத்து விவசாயிங்ககிட்ட ஒண்ணு, நாலு பேரும் வந்தாத்தான் திறக்கும். எங்களுது பழைய பிஸ்கட் டின், ரெண்டு பூட்டு, ஒரு சாவி பொருளாளர்கிட்ட, இன்னொன்னு கொழுந்து எடுக்கிற ஒரு அக்காகிட்ட. டின்னுக்கு ரெண்டு பூட்டான்னு சிரிக்கிறாங்க, சிரிக்கட்டும்.

ஆனா லூத்தர் சொன்னது எல்லாத்துக்கும் நான் தலையாட்ட மாட்டேன். 1520லயே அவரு எழுதறாரு, ஒவ்வொரு ஊரும் தன் ஏழைங்கள பாத்துக்கணும், வெளியூர் பிச்சைக்காரங்கள உள்ள விடக்கூடாதுன்னு. அந்தக் காலத்துல அதுக்கு காரணம் இருந்திருக்கும். ஆனா வெளியூர்க்காரன்னு எங்கள, இந்தியாவுல இருந்து வந்த மலையகத் தமிழங்கள, விட அதிகமா பேர் வாங்கினது யாரு? 1948ல ஒரு பிரஜாவுரிமைச் சட்டம் போட்டு எங்க சனத்துல லட்சக்கணக்கானவங்கள நாடில்லாதவங்களா ஆக்குனாங்க. 1964ல இந்தியா, இலங்கை ரெண்டு நாட்டு பிரதமரும் ஒக்காந்து அஞ்சேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூணு லட்சம் பேர் இங்கன்னு பிரிச்சாங்க, தேயிலைய கிரேடு பிரிக்கிற மாதிரி. மிச்சம் எல்லாருக்கும் உரிமை வந்து சேர 2003 ஆச்சு. தெருவுல சுத்துறவன பிடிக்கிறதுக்கு 1841ல வெள்ளைக்காரன் போட்ட சட்டம் வேற இருக்கு. இதெல்லாம் பாத்துட்டு பஸ் ஸ்டாண்ட்ல "நீ எந்த ஊரு"ன்னு கேட்டு ரொட்டி குடுக்க எனக்கு வாய் வராது. மீரியபெத்தைத் தோட்டத்துல 2014 அக்டோபர் 29 மண்சரிவுக்கு அப்புறம் எத்தனையோ குடும்பங்கள் பழைய தேயிலை பேக்டரியில ஒக்காந்திருந்தாங்க, முந்தின நாள் வரைக்கும் அவங்களுக்கும் காம்பரா இருந்துச்சு.

கடைசியா அந்த நோட்டு விஷயம். கணக்கு வேணும்னு ஆரம்பத்துல ஒரு மோனிட்டர் கொப்பியில பேர் எழுதினோம், யாரு வந்தா, எத்தனை ரொட்டின்னு. மூணாவது வாரமோ என்னமோ, அந்தத் தாத்தா ரொட்டிய வாங்காம கொப்பியவே பாத்துட்டு நின்னாரு. "இங்கயும் பேர் போட்டுத்தான் குடுப்பீங்களா தம்பி? நான் வேலை ஒண்ணும் செய்யலையே, அரைப் பேரா முழுப் பேரா?"ன்னாரு. வெளையாட்டாத்தான் சொன்னாரு, எனக்கு மூஞ்சி எரிஞ்சிருச்சு. அன்னையோட கொப்பிய மூடினோம். கிருபைய பத்தி ஞாயித்துக்கிழமை பாடிட்டு சனிக்கிழமை செக்ரோல் (தோட்டத்து பேர்ப் பதிவேடு) புடிக்கிறோமேன்னு எல்லாருக்கும் உறைச்சுது, சரியாத்தான் செஞ்சோம்னு நெனச்சுக்கிட்டோம்.

ஆனா அடுத்த வருஷம் ஜூன் மழையில வேற ஒருத்தர், அதிகமா பேசாத மனுஷன், கடை வாசல்லயே எறந்து கெடந்தாரு. ஆஸ்பத்திரியில பேர் கேட்டாங்க. ஏழெட்டு மாசமா எங்க கையில ரொட்டி வாங்கினவரு, சீனி கொறைச்சு டீ கேப்பாருன்னு தெரியும், இடது காது கேக்காதுன்னு தெரியும், பேர் ஒருத்தருக்கும் தெரியல. அப்படியே எழுதினாங்க, பேர் தெரியாதவர்னு.

அதுக்கப்புறம் கேக்க ஆரம்பிச்சோம். ரொட்டி குடுக்கும்போது இல்ல, டீ குடிச்சு முடிஞ்சு பக்கத்துல கொஞ்ச நேரம் ஒக்காந்து, மொதல்ல எங்க பேர சொல்லிட்டு. அந்தத் தாத்தாகிட்டயும் கேட்டேன், திட்டுவாருன்னு நெனச்சேன். எழும்பி நின்னு, தன் பேரு, அப்பா பேரு, தோட்டம், டிவிஷன், லய நம்பர் எல்லாம் வரிசையா சொன்னாரு. நாங்க கேக்கவே இல்ல, செக்ரோல் நம்பரும் சொன்னாரு.