நோயாளிகளுக்குச் சிக்கலான மருத்துவ விவரங்களைப் புரியும்படி சொல்வது எப்படி?

காசநோய்ப் பிரிவில் மாத்திரை கொடுத்து விளக்கம் சொல்வது என் வேலை. அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லாதீர்கள். "உங்களுக்கு டிபி" என்று கேட்டதுமே மனசு எங்கேயோ போய்விடும். மருந்தின் பெயர், கிருமியின் கதை எதுவும் காதில் ஏறாது. உள்ளே ஓடுவது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள். இருமும்போது காற்று வழியாகத்தான் பரவும். தட்டு, டம்ளர், துணி வழியாகப் பரவாது. மருந்துக்குக் கட்டுப்படும் வழக்கமான டிபி என்றால், ஒழுங்காக மாத்திரை சாப்பிட ஆரம்பித்து இரண்டு வாரத்தில் பரவும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். அதுவரை வாயை மூடி இருமச் சொல்லுங்கள், ஜன்னலைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளையும் ஒருமுறை பரிசோதனைக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள். வீட்டில் தட்டைத் தனியாக ஒதுக்குபவர் நோயாளி அல்ல என்பதால், நோயாளி சம்மதித்தால் கூட வந்தவரையும் உட்கார வைத்தே சொல்வேன்.

வீட்டிலேயே இருந்து குணமாகலாம் என்பதை நம்பாதவர்களிடம் சென்னையில் 1956-ல் தொடங்கிய ஆய்வைச் சொல்வேன். பாதிப் பேரை சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளைத் தங்கவைக்கும் மருத்துவமனையில் சேர்த்தார்கள், மீதிப் பேருக்கு வீட்டில் வைத்தே மருந்து கொடுத்தார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டிலேயே இருந்தவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் வரவும் இல்லை.

அடுத்து, நடக்கப்போவதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். டிபி மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். சொல்லாமல் விட்டால் ரத்தம் என்று பயந்து மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுவார். இன்னொரு இடமும் உண்டு. சில வாரங்களில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், "சரியாயிடுச்சே" என்று தோன்றும். பலர் விட்டுவிடுவது அங்கேதான். விவசாயிகளிடம் கோரைப் புல்லைச் சொல்வேன்: மேலே அறுத்தால் வயல் சுத்தமாகத் தெரியும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே இருக்கும். ஆறு மாதம் மாத்திரை எதற்கு என்று அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம், "புரிஞ்சுதா?" என்று கேட்கவே கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். "வீட்டுல கேட்டா எப்படிச் சாப்பிடணும்னு சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். நாலு மாத்திரையையும் காலையில் வெறும் வயிற்றில் ஒன்றாகச் சாப்பிடச் சொல்லியிருந்தேன். ஒரு அண்ணன், "காலைல ரெண்டு, ராத்திரி ரெண்டு" என்றார். மொத்தமாகப் போட்டால் வயிறு தாங்காது என்று அவராகவே பிரித்துக்கொண்டிருக்கிறார். இத்தனைக்கும் நான் சொன்னபோது கவனமாகத்தான் கேட்டார். அட்டையைப் பிரித்து, நாலையும் உள்ளங்கையில் எடுத்து வைத்துக் காட்டச் சொன்ன பிறகுதான் அனுப்பினேன்.

முதல் நாளில் பயமுறுத்தும் விஷயங்களில் மூன்று போதும்: பார்வை மங்கினாலோ, கண் மஞ்சளானாலோ, வாந்தி நிற்காமல் வந்தாலோ, அன்றைக்கே வந்துவிட வேண்டும். இரண்டாம் மாத முடிவில் செய்யும் சளிப் பரிசோதனை, சத்தான சாப்பாட்டுக்கு அரசு வங்கிக் கணக்கில் போடும் மாதம் 1,000 ரூபாய், இதெல்லாம் அடுத்த முறை வரும்போது பேசிக்கொள்ளலாம்.