சின்ன கிளாஸ் பிள்ளைங்களுக்கு ஆன்லைன்ல கணக்கு போட்டுப் பழகுறது நிஜமாவே பலன் தருதா?

இப்படி கேக்குறீங்கன்னா உங்க பிள்ளை ஆப்ல ஸ்டாரா வாங்கிக் குவிக்குது, நோட்டுல போடச் சொன்னா முழிக்குது, அதானே? நான் மூணாங்கிளாஸ் டீச்சர், இத வருஷக்கணக்கா பாத்துட்டிருக்கேன்.

என் கிளாஸ்ல ஒரு பொண்ணு, கழித்தல்ல எப்பவும் பத்துக்கு எட்டு, ஆப் அவள அடுத்த லெவலுக்கு ஏத்திக்கிட்டே போச்சு. அந்த ரெண்டு தப்பு என்னன்னு எடுத்துப் பாத்தேன். 52ல 38 போனா 26ன்னு போட்டிருக்கா. ஆப் சிவப்புல காட்டி, விடை 14ன்னு சொல்லிட்டு அடுத்த கணக்குக்குப் போயிடுச்சு. பக்கத்துல உக்கார வச்சு வாய்விட்டுப் போடச் சொன்னேன். "எட்டுல ரெண்டு போனா ஆறு மிஸ், அஞ்சுல மூணு போனா ரெண்டு." ஏம்மா எட்டுலருந்து கழிக்கிறன்னா, "பெருசுலருந்துதானே மிஸ் சின்னத கழிக்கணும்?" கடன் வாங்குறதுங்கிற விஷயமே அவளுக்குப் புரியல, கடன் வாங்காத கணக்குதான் நெறைய வந்ததால மார்க் விழுந்துட்டே இருந்திருக்கு. பத்துப் பத்து குச்சியா கட்டி வச்சு, ஒரு கட்டப் பிரிச்சுக் காட்டின பிறகுதான் பிடிபட்டுச்சு. நான் கண்டுபிடிச்சேங்கிறதுல எனக்குப் பெருமைதான், மறைக்கல.

இது புதுசும் இல்ல. பிரவுன், பர்ட்டன்னு ரெண்டு பேர் 1978லயே இந்த மாதிரி கழித்தல் தப்புகள பட்டியல் போட்டு ஆராய்ஞ்சிருக்காங்க, பிள்ளைங்க ஏனோதானோன்னு தப்பு பண்றதில்ல, ஒரு தப்பான விதிய ஒழுங்கா ஃபாலோ பண்றாங்கன்னு. அதுக்கு முன்னாடி 1973ல எர்ல்வாங்கர்ங்கிற ஆராய்ச்சியாளர் எழுதின பென்னிங்கிற நிஜப் பையனோட கதையும் இதேதான்: அவனவன் வேகத்துல தாள்ல போட்டு 80 சதவீதம் வந்தா அடுத்த பாடம்ங்கிற முறை, நல்லாப் படிக்கிறவன்னு பேரு, ஆனா 0.3ஐயும் 0.4ஐயும் கூட்டினா 0.07ன்னு நம்பிட்டிருந்தான்.

உடனே "டீச்சர்ல, டெக்னாலஜி பிடிக்காது"ன்னு கமெண்ட் போட வருவாங்க. அப்படி இல்லங்க, வாய்ப்பாடு மனசுல நிக்கிறதுக்கு ஆப் ரொம்ப உதவும், சரியா தப்பான்னு அப்பவே தெரியுது, பழைய கணக்கு இடைவெளி விட்டுத் திரும்ப வருது, நாப்பது நோட்டு திருத்துற எனக்கு அது பெரிய ஒத்தாசை. அந்தப் பொண்ணும் புரிஞ்சப்புறம் ஆப்லதான் போட்டுப் போட்டு வேகம் புடிச்சா. புரிஞ்சத பழக்குறதுக்கு அது போதும், புரிய வைக்கிறதுக்குப் போதாது.

எனக்கு எரிச்சல் வேற இடத்துல. எந்தப் பிள்ளை எத்தன நிமிஷம் ஆப்ல இருந்துச்சுன்னு ஸ்கூல்ல வாராவாரம் ரிப்போர்ட் கேக்குறாங்க, ஸ்டார் லிஸ்ட்ட பேரண்ட்ஸ் க்ரூப்ல போடச் சொல்றாங்க, கடைசில இருக்குற பிள்ளையோட அம்மா ராத்திரி போன் பண்ணி அழறாங்க. அந்த ரிப்போர்ட் எழுதுற நேரத்துல நாலு பிள்ளைங்கள பக்கத்துல உக்கார வச்சுக் கேட்டிருப்பேன். இத யார்கிட்ட சொல்ல.

நீங்க ஸ்டார எண்ணாதீங்க. தப்பான விடை ஒண்ண மட்டும் எடுத்து, திட்டாம, "இது எப்படி வந்துச்சு, எனக்கு சொல்லிக்குடு"ன்னு கேளுங்க. கையில பேப்பரும் பென்சிலும் குடுத்துட்டு கேளுங்க.